பிஷ்கெக்குக்கு டாக்டர் படிக்கப் போகிறவர்கள் அந்த நாட்டையும் கொஞ்சம் படிக்க

2018 செப்டம்பரில் டெல்லி விமான நிலையத்தில் என் பெட்டியில் ஒட்டிய சீட்டில் எஃப்.ஆர்.யூ. என்று மூன்று எழுத்து இருந்தது. நான் போகும் ஊரோ கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக். பெட்டி வேறெங்கோ போகிறது என்று பயந்து, சிங்கப்பூரில் வேலையில் இருந்த அப்பாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்தது. அந்த மூன்று எழுத்தின் அர்த்தம் மட்டும் எனக்கு மூன்றாம் வருடம்தான் புரிந்தது. 1926 முதல் 1991 வரை அந்த நகரத்தின் பெயர் ஃப்ரூன்ஸே. அங்கே பிறந்த செம்படைத் தளபதி மிகயில் ஃப்ரூன்ஸேயின் பெயர். சோவியத் ஒன்றியம் உடைந்து 27 வருடம் ஆகியும் விமானக்காரர்கள் பழைய பெயரையே ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வருடம் அங்கே இருந்துவிட்டு, "அது ஒரு குளிரான ஊர், இறைச்சி நிறைய" என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான். ஃபீஸ், மெஸ், விசா பற்றியெல்லாம் ஏஜென்ட் சொல்வார், அதில் பாதியை நம்பினால் போதும். கிர்கிஸ்தானைத் தெரிந்துகொள்ள நான் தாமதமாகக் கண்டுபிடித்த வழிகளை மட்டும் இங்கே சொல்கிறேன். புத்தகம் தேவையில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். ஒரு நாள் அது உங்கள் பாதுகாப்புக்கும் உதவும். எப்படி என்று பின்னால் வருகிறேன்.

முதல் வாரம்: எழுத்து, அப்புறம் உறவுமுறை

விமானத்திலேயே சிரிலிக் எழுத்துகளைப் படித்து முடித்துவிடுங்கள். 33 எழுத்துதான். நம்முடைய 247ஐப் படித்தவர்களுக்கு அது ஒரு மதிய நேர வேலை. ரஷ்ய எழுத்துகளோடு மூன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் கிர்கிஸ் மொழியையும் வாசித்துவிடலாம். கிர்கிஸ் அரசு மொழி, ரஷ்யன் அலுவல் மொழி, இரண்டும் சட்டப்படி உண்டு. பிஷ்கெக்கில் ரஷ்யன் தெரிந்தால் எல்லாம் நடக்கும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் கிராமத்துப் பாட்டியிடம் இரண்டு வார்த்தை கிர்கிஸ் பேசிப் பாருங்கள். முகமே மாறிவிடும்.

அவர்களும் நம்மைப் போலத்தான், முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை சொல்லியே கூப்பிடுவார்கள். வயதில் மூத்த ஆண் 'பாய்கே', மூத்த பெண் 'எஜே'. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் அங்கே 'சென்', 'சிஸ்'. பெரியவரைப் பார்த்து 'சென்' என்றால் நம்மூரில் என்ன ஆகுமோ அதேதான் ஆகும். அப்பாவை 'அத்தா' என்பார்கள். எங்கள் பக்கம் முஸ்லிம் வீடுகளில் கேட்டுப் பழகிய சொல் என்பதால் அது எனக்குச் சிரமமாக இல்லை. சிரமம் அடுத்த சொல்லில்தான். அங்கே 'அபா' என்றால் அம்மா. இரண்டாம் வருடம் ஹாஸ்டலை விட்டு ஒரு வீட்டில் அறை எடுத்தேன். அறுபது வயது வீட்டுக்கார அம்மாவை 'அபா' என்று கூப்பிடும்போதெல்லாம் அப்பா நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

இந்த அபாவிடம்தான் நான் பாதி நாட்டைப் படித்தேன். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்பது முதல் பாடம். வட்டமான தந்தூர் ரொட்டியை நான் தலைகீழாக மேசையில் வைத்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து நிமிர்த்தி வைத்தார். தேநீர்க் கிண்ணத்தை அரையளவுதான் நிரப்புவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் உபசாரம். விளிம்புவரை ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். மூன்றாவது பாடம், 'ஜெத்தி அத்தா', அதாவது ஏழு தந்தையர். அபாவின் ஆறு வயதுப் பேரன் தன் ஏழு தலைமுறை ஆண்களின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அந்த ஏழு தலைமுறைக்குள் கல்யாணம் கூடாது. எங்கள் ஊரில் மாமன் மகனையே கட்டுவோம் என்று சொன்னேன். அபா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பர்ஸைத் திறந்து பாருங்கள்

முன்னாள் சோவியத் நாடுகள் எல்லாம் 1991க்குப் பிறகு யாருடைய முகத்தை நோட்டில் போடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. கிர்கிஸ்தான் மத்திய ஆசியாவில் முதல் ஆளாக ரூபிளை விட்டு வெளியே வந்து 1993 மே 10 அன்று சோம் என்ற சொந்தப் பணத்தை இறக்கியது. நான் இருந்த காலம் முழுக்க ஒரு சோம் ஏறக்குறைய ஒரு ரூபாய்தான், அதனால் மனக்கணக்கு சுலபம். மூன்று சோம் நாணயம் ஒன்று உண்டு. சோவியத் காலத்தில் மூன்று ரூபிள் நோட்டு, மூன்று கோபெக் காசு இருந்த பழக்கம்.

50 சோம் நோட்டில் தலைப்பாகையோடு ஒரு பெண்மணி. குர்மன்ஜான் தத்கா, தெற்கே அலாய் மலைப் பகுதியின் தலைவி. 1876இல் ரஷ்யப் படை வந்தபோது, சண்டை போட்டால் ஜனம் அழியும் என்று கணக்குப் பார்த்து ரஷ்ய ஆட்சியை ஏற்றார். பிறகு அதே ஆட்சி அவருடைய மகன் ஒருவரைத் தூக்கில் போட்டது, அவர் அதைத் தடுக்கவில்லை. சரியா தவறா என்று அபாவிடம் கேட்டேன். "நீ இன்று கிர்கிஸ் மொழி கேட்கிறாய் அல்லவா" என்றார்.

100இல் இருப்பவர் பாடகக் கவிஞர் தொக்தோகுல். ஜார் ஆட்சி அவரை சைபீரியாவுக்கு நாடு கடத்தியது, தப்பித்து வந்தார். 200இல் கவிஞர் அலிகுல் ஓஸ்மோனோவ், அனாதை இல்லத்தில் வளர்ந்து 1950இல் 35 வயதில் இறந்தவர். 500இல் சயக்பாய் கரலாயேவ். மனாஸ் என்ற வாய்மொழிக் காப்பியத்தில் சுமார் 5 லட்சம் வரிகளை நினைவிலிருந்து பாடியவர். எழுதிக் கொடுத்தவர் இல்லை, பாடிக் கொடுத்தவர்! 1000இல் பதினோராம் நூற்றாண்டில், நல்லாட்சி என்றால் என்ன என்று அரசனுக்குச் செய்யுளில் சொன்ன ஜூசுப் பலசாகுன். 5000இல் ஒரு சினிமா நடிகர், சுய்மென்குல் சோக்மோரோவ். இந்த நோட்டுகளில் ஆட்சியில் இருந்தவர் அலாய் தலைவி ஒருவர்தான். ஏன் மற்ற தலைவர்கள் இல்லை என்பது இன்னும் கொஞ்சம் கீழே தெரியும்.

குளிர்காலத்தில் கரண்ட் போனால்

தொக்தோகுல் பெயரில் ஒரு அணையும் உண்டு. நரின் ஆற்றின் குறுக்கே, 1200 மெகாவாட் மின்நிலையத்தோடு கட்டியது. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பகுதி தண்ணீரிலிருந்துதான். அறையில் ஹீட்டர் திடீரென்று அணைந்தால் வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள், அந்த அணையை நினைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக் கடைமடையில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே மலையில் கிர்கிஸ்தான், கீழே சமவெளியில் உஸ்பெகிஸ்தானும் கஸக்ஸ்தானும். கீழே இருப்பவர்களுக்குப் பருத்திக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். மேலே இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் அணையைத் திறந்தால்தான் கரண்ட். சோவியத் காலத்தில் மாஸ்கோ ஒரு பஞ்சாயத்து வைத்திருந்தது: கோடையில் நீ தண்ணீர் விடு, குளிரில் கீழேயிருந்து உனக்கு நிலக்கரியும் எரிவாயுவும் வரும். 1991இல் பஞ்சாயத்து செய்த ஆள் போய்விட்டார். கீழ்நாடுகள் எரிவாயுவுக்குச் சந்தை விலை கேட்டன. தண்ணீருக்கு விலை வாங்க கிர்கிஸ்தானால் முடியவில்லை. அதிலிருந்து குளிர்காலத்தில் தண்ணீரைத் திறந்து திறந்து சில ஆண்டுகளில் அணை ரொம்பவே இறங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து எரிசக்தித் துறைக்கென்றே நெருக்கடி நிலை என்று அறிவித்தார்கள். பிஷ்கெக்கில் வீட்டுக்குச் சூடேற்றுவது பெரும்பாலும் நிலக்கரி. டிசம்பரில் ஜன்னலைத் திறந்தால் பட்டாசு வெடித்த மறுநாள் காலை வாசனை அடிக்கும். மாஸ்க் வாங்கிக்கொண்டு போங்கள்.

தொர்தோய் போகும் நாள்

நகரத்துக்கு வடக்கே தொர்தோய் சந்தை. அங்கே கடை என்றால் கப்பல் கன்டெய்னர். கீழே ஒன்று கடை, அதன் தலையில் இன்னொன்று குடோன். கடலே இல்லாத நாட்டில் கன்டெய்னரால் ஒரு நகரம்! முதல் தடவை ஜாக்கெட் வாங்கப் போய் மூன்று மணி நேரம் வழி தெரியாமல் சுற்றினேன். வரிசை எண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். பேரம் பேசலாம், ஆனால் நம் ரங்கநாதன் தெரு மாதிரி பாதி விலைக்குக் கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

இந்தச் சந்தை எப்படி வந்தது என்பதுதான் அந்த நாட்டின் பொருளாதாரம். அபா ஃப்ரூன்ஸேயில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தவர். 1991க்குப் பிறகு உதிரிப் பாகம் தரும் ஊரும் பொருளை வாங்கும் ஊரும் வேறு வேறு நாடாகிவிட்டன, ஆலை நின்றது. சேமிப்புப் பணம் விலைவாசியில் கரைந்து, கடைசியில் ஒரு ஜோடி குளிர்கால பூட்ஸ் வாங்கத்தான் தேறியது என்பார். அவரும் உடன் வேலை பார்த்த பெண்களும் பெரிய கட்டம் போட்ட பைகளோடு சீனாவுக்குப் பஸ் ஏறி, துணி வாங்கி வந்து விற்றார்கள். ஆசிரியர், எஞ்சினியர், நர்ஸ் எல்லாரும் வியாபாரியான காலம் அது. 1998இல் முன்னாள் சோவியத் நாடுகளில் முதலாவதாகக் கிர்கிஸ்தான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. சுங்கவரி குறைவு. சீனச் சரக்கு இங்கே இறங்கி, கஸக்ஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் போனது. 2015இல் ரஷ்யா தலைமையிலான யுரேஷியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு சீனச் சரக்குக்கு வரி ஏறியது, சந்தை கொஞ்சம் சோர்ந்தது. ஆனால் அதே ஒன்றியத்தால் ரஷ்யாவில் வேலை பார்ப்பது சுலபமானது.

அபாவின் மகன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டினார். மாதம் ஒருமுறை பணம் வரும். வெளிநாட்டிலிருந்து இப்படி வரும் பணம் பல ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கு அளவுக்கு இருந்திருக்கிறது. பணம் வந்த மெசேஜைப் பார்த்ததும் அபா மகனுக்கு போன் போட்டுச் சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார். எங்கள் வீட்டிலும் அம்மா அதைத்தான் கேட்பார். அன்றைக்கு எனக்கும் படிக்க ஓடாது.

இன்னொரு வருமானம் தங்கம். இசிக்-குல் ஏரிக்குத் தெற்கே, சுமார் 4000 மீட்டர் உயரத்தில், பனிப்பாறைகளுக்கு நடுவே கும்தோர் சுரங்கம். 1997இலிருந்து கனடா நிறுவனத்தோடு ஓடியது. சில ஆண்டுகளில் நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே குழியிலிருந்து வந்தது. லாபத்தில் நமக்கு எவ்வளவு என்ற சண்டை இருபது வருடம் நடந்து, 2021இல் அரசு கைப்பற்றிக்கொண்டது. ஏரிக்குப் போகும்போது டிரைவரிடம் கும்தோர் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். போய்ச் சேரும்வரை நீங்கள் பேச வேண்டியிருக்காது.

சதுக்கத்தை எப்போது பார்க்கலாம், எப்போது கூடாது

அலா-டூ சதுக்கம் பிஷ்கெக்கின் நடுவில் இருக்கிறது. 1984இல் கட்டியது. அங்கே லெனின் நின்றார், 2003இல் அவரை அருங்காட்சியகத்துக்குப் பின்பக்கம் நகர்த்தினார்கள். அந்த இடத்தில் சுதந்திரத்தின் சிலை வந்தது. 2011இல் அதையும் எடுத்துவிட்டு, குதிரை மேல் மனாஸ். லெனின் இன்னும் கொல்லைப்புறத்தில் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார், போய்ப் பாருங்கள். உடைக்காமல் நகர்த்தி வைப்பது இவர்கள் குணம் என்று அப்போது நினைத்தேன். 2025இல் தெற்கே ஓஷ் நகரத்துப் பெரிய லெனினையும் கீழே இறக்கிவிட்டார்களாம்.

இப்போது நோட்டு விஷயம். முதல் அதிபர் அஸ்கார் அகாயேவ், இயற்பியலாளர். 2005 மார்ச் 24 அன்று கூட்டம் அதிபர் அலுவலகத்துக்குள் (அங்கேயும் அதற்கு வெள்ளை மாளிகை என்றுதான் பெயர்) புகுந்ததும் ரஷ்யாவுக்குப் போனார். அடுத்து குர்மன்பெக் பகியேவ். 2010 ஏப்ரல் 7 அன்று அதே இடத்தில் கூட்டம், இந்த முறை துப்பாக்கிச் சூடு, 80க்கு மேற்பட்டோர் சாவு. அவர் பெலாரஸ் போனார். அந்த ஜூனில் ஓஷில் கிர்கிஸ், உஸ்பெக் இனத்தவரிடையே கலவரம் வந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஓஷ்காரர் யாரிடமும் இதை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இடைக்காலத்தில் ரோசா ஒதுன்பாயேவா, மத்திய ஆசியாவின் முதல் பெண் அதிபர். அவருக்குப் பின் அதம்பாயேவ், பதவிக்காலம் முடிந்து ஒழுங்காக இறங்கிய பிறகு சிறைக்குப் போனார். அதற்குப் பின் ஜீன்பெகோவ். இப்படிப்பட்ட நாட்டில் அதிபர் முகத்தை நோட்டில் போட்டால் எத்தனை தடவை அச்சடிப்பது!

மூன்றாவது கவிழ்ப்பு என் கண் முன்னால் நடந்தது. 2020 கொரோனாவில் பெரும்பாலோர் சிறப்பு விமானத்தில் ஊருக்குப் போய்விட, தங்கிவிட்ட சிலரில் நானும் ஒருத்தி. அக்டோபர் 4 நாடாளுமன்றத் தேர்தல். வாக்கு விலைக்கு வாங்கப்பட்டது என்று மறுநாள் சதுக்கத்தில் கூட்டம். அன்று மதியமே அபா சொன்னார்: "சூய் அவென்யூ கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியைக் காலி செய்கிறார்கள். இன்று ராத்திரி." பாத்திரங்களில் தண்ணீர் பிடித்தார், நான்கு ரொட்டி வாங்கினார், எனக்கு போனை சார்ஜ் போடச் சொன்னார். விடிந்தபோது வெள்ளை மாளிகை கூட்டத்தின் கையில். கடைகளைக் கொள்ளை அடிக்காமல் காக்க, கையில் பட்டை கட்டிய தொண்டர்கள் இரவெல்லாம் தெருவில் நின்றார்கள். சிறையிலிருந்து மீட்கப்பட்ட சதிர் ஜபாரோவ் பத்து நாளில் பொறுப்பு அதிபர், 2021 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர். ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தை மாற்றி அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாடாளுமன்றமான ஜோகோர்கு கெனெஷில் 120 இடம் 90 ஆனது. முன்பு அக்கம்பக்க நாடுகளைவிடத் தைரியமாக எழுதிய பத்திரிகைக்காரர்கள் சிலர் 2024 ஜனவரியில் கைதானார்கள். 2023 டிசம்பரில் கொடியைக்கூட விடவில்லை. நாற்பது குலங்களைக் குறிக்கும் சூரியக் கதிர்கள் வளைந்து சூரியகாந்தி மாதிரி இருக்கின்றன என்று நேராக்கினார்கள். நீங்கள் பார்க்கும் கொடி வளைந்த கதிரா நேர்க்கதிரா என்று பார்த்தால் எப்போது வாங்கியது என்று தெரிந்துவிடும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தேர்தல் வாரத்திலும், சதுக்கத்தில் ஆட்கள் கூடும் நாளிலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். செல்ஃபி, வீடியோ எதுவும் வேண்டாம். கடைக்காரர்களைக் கவனியுங்கள். தொலைக்காட்சியைவிட அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இந்த விதி 2024 மே மாதம் எங்களுக்கே உதவியது. உள்ளூர் இளைஞர்களும் வெளிநாட்டு மாணவர்களும் அடித்துக்கொண்ட ஒரு வீடியோ பரவி, 17ஆம் தேதி இரவு ஒரு கும்பல் தெற்காசிய மாணவர்களின் விடுதிகளுக்குள் புகுந்து தாக்கியது. சாயங்காலமே பக்கத்து மளிகைக் கடை எஜே, "வெளியே வராதே, விளக்கை அணைத்து வை" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜூனியர் பெண்கள் மூன்று பேர் என் அறையில். இரண்டு நாள் காலிங்பெல் அடித்தபோதெல்லாம் அபா எங்களைப் பின்னால் தள்ளிவிட்டுத் தானே போய்த் திறந்தார். நம் தூதரக உதவி எண்ணை நீங்கள் இறங்கிய அன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் குடியிருக்கும் எஜேயின் எண்ணையும்.

கடைசியாக ஒரு குன்று

மே அல்லது செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்குத் தெற்கே சோங்-தாஷ் கிராமத்துக்கு டாக்ஸி பிடியுங்கள். அத்தா-பெயித் என்ற நினைவிடம். 'தந்தையரின் கல்லறை' என்று பொருள். 1938இல் ஸ்டாலின் காலத்து ரகசியப் போலீஸ் படித்தவர்களையும் தலைவர்களையும் சுட்டு, அங்கேயிருந்த பழைய செங்கல் சூளையில் போட்டு மூடியது. காவலாளி ஒருவர் சாகும்போது தன் மகளிடம் சொல்லிவைத்தார். மகள் பல ஆண்டு வாயைத் திறக்காமல் இருந்து, காலம் மாறியதும் சொன்னார். 1991இல் தோண்டினார்கள், சுமார் 138 பேர். ஒருவர் சட்டைப்பையில் இருந்த குற்றப்பத்திரிகையில் தோட்டா துளைத்த ஓட்டை. எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தோவின் தந்தை அவர். அப்பா எங்கே என்று ஐம்பது வருடம் தெரியாமலிருந்த மகனை 2008இல் அதே இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதே குன்றில் 2010 ஏப்ரலில் சுடப்பட்டவர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் பையன்கள், கல்லில் படத்தோடு. இன்னொரு பக்கம் 1916க்கான நினைவுச்சின்னம். முதல் உலகப் போருக்கு ஆள் பிடிக்க ஜார் ஆட்சி வந்தபோது கிளர்ச்சி செய்து, குடும்பத்தோடு பனிமலை தாண்டிச் சீனாவுக்கு ஓடி, வழியில் செத்தவர்களுக்காக. 'உர்குன்' என்பார்கள். ஜார், ஸ்டாலின், சொந்த அதிபர் என மூன்று ஆட்சியும் கொன்றவர்கள் பக்கம் பக்கமாக.

நான் அபாவோடு போனேன். அவர் 2010 வரிசையில் ஒரு கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, இரு கையையும் முகத்தில் தடவிக்கொண்டார். யார் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் புல்லில் துணி விரித்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார், அரைக் கிண்ணம். நீங்களும் ரொட்டியும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே கடை ஒன்றும் இல்லை. திரும்பும் டாக்ஸியைப் போகும்போதே பேசி நிறுத்திவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் மலைக்காற்று இறங்கும், காதை மூட ஏதாவது வேண்டும்.